அக்கா குடும்பம் மலாவில மிஷனரியா இருக்காங்க, கிறிஸ்துமஸுக்கு இங்கருந்து என்ன அனுப்பலாம்?

பாளைத்தம்பி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு ஊரு பாளையங்கோட்டை. அக்காவும் அத்தானும் ரெண்டு பிள்ளைகளோட மலாவி நாட்டுல ஊழியத்துல இருக்காங்க, போயி ஒன்றரை வருஷம் ஆவுது. அத்தானுக்கு கிராமத்துல சபை ஊழியம், அக்கா நர்ஸ், பக்கத்துல உள்ள கிளினிக்ல வேலை பாக்கா. போன கிறிஸ்துமஸுக்கு நாங்க அதிகாலை ஆராதனை முடிச்சிட்டு ஆறு மணிக்கு கோயில் வாசல்லயே நின்னு வீடியோ கால் போட்டுட்டோம், அங்க நமக்கு மூணரை மணி நேரம் பின்னாலங்கிறது சந்தோஷத்துல யாருக்கும் ஞாபகம் இல்ல, அவளுக்கு ராத்திரி ரெண்டரை. தூக்கத்துல எந்திரிச்சு எடுத்தவ கோயில் மணி சத்தத்த கேட்டதும் பேசவே இல்ல, கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்துட்டு சார்ஜ் இல்லன்னு வச்சிட்டா. அம்மா அன்னைக்கு சாப்பிடல.

இந்த வருஷம் முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம்னு பத்து கிலோ அனுப்பியே ஆகணும்னு அம்மா நிக்காங்க. எங்க சபை சேகரத்துல (பக்கத்து சபைகள் சேர்ந்த வட்டாரம்) மிஷனரி காணிக்கை எடுத்து தாரோம்னு சொல்லிருக்காங்க, ஆனா கிறிஸ்துமஸ் அன்னைக்கு அங்க நடக்க ஊழியத்த பத்து நிமிஷ வீடியோவா எடுத்து அன்னைக்கே அனுப்பணுமாம், திரையில போட. அக்காட்ட சொன்னேன், "சரி பாக்கேன்"ன்னா, அந்தக் குரல் எனக்கு என்னமோ போல இருந்துச்சு. அப்புறம் அவளே சொன்னா, டிசம்பர் ஜனவரிதான் அங்க சாப்பாட்டுக்கு கஷ்டமான மாசமாம், மழை ஆரம்பிச்சு மக்காச்சோளம் விதைச்சிருப்பாங்க, ஆனா பழைய சோளம் குதிர்ல தீந்திருக்கும், புது அறுவடை வர மார்ச், ஏப்ரல் ஆயிரும், "அடுத்த வீட்ல ஒரு நேரம் சாப்பிடுதாங்க, நான் கதவ சாத்திட்டு முறுக்கு திங்கவா"ன்னு கேக்கா. அப்போ என்னதான் அனுப்ப? வெளிநாட்டு ஊழியத்துல இருந்தவங்க யாராவது சொல்லுங்க.

நாசரேத் மதினி:
தம்பி, நாங்க கம்போடியால ஒம்பது வருஷம் இருந்தோம். அங்க டிசம்பர் 25 லீவே கிடையாது, பிள்ளைக பைய தூக்கிட்டு ஸ்கூலுக்கு போவும், அத பாக்கும்போதுதான் எனக்கு நெஞ்ச அடைக்கும். பண்டிகை அன்னைக்கு கூட ஒண்ணும் தெரியாது, சபை ஆட்கள் வருவாங்க, சமையல், பாட்டுன்னு ஓடிரும். 24 சாயந்தரந்தான் தாங்க முடியாது, ஊர்ல இந்நேரம் மாவு பிசைவாங்க, ஸ்டார் லைட் போட்டிருப்பாங்கன்னு மனசு பூரா இங்க கிடக்கும். ஒரு வருஷம் எங்கள தாங்குற சபையில இருந்து ஞானஸ்நானம் எத்தன, புதுசா எத்தன பேரு, போட்டோவோட இருபத்தஞ்சாந்தேதி வேணும்னு கேட்டாங்க, அன்னைக்கு எங்க சின்னவனுக்கு 103 டிகிரி காய்ச்சல், அவன பக்கத்து வீட்டு அக்காட்ட குடுத்துட்டு நாங்க ரெண்டு பேரும் கேமரா முன்னால சிரிச்சிட்டு நின்னோம். அந்த போட்டோவ இன்னைக்கும் நான் பாக்க மாட்டேன். உங்க அக்கா "சரி பாக்கேன்"ன்னது அதுதான் தம்பி. முடியாதுன்னு அவங்களால சொல்ல முடியாது, சாப்பாட்டுக்கு காணிக்கை வர்ற எடம். அதனால நீங்க சொல்லுங்க.

எனக்கு வந்ததுலயே பெருசு எதுன்னா, ஊர்ல எங்க தெருவுக்கு வீடு வீடா பாடிட்டு வர்ற கீத பவனி வந்தப்போ எங்கம்மா வாசல்ல நின்னு போன்ல பதிஞ்சு அனுப்புனது. பாட்டு பாதிதான் கேக்கும், மீதி நாய் குரைக்கது, எங்கம்மா "காப்பி குடிச்சிட்டு போங்கய்யா"ன்னு கூப்பிடுறது. பிள்ளைக அத நூறு தடவ கேட்டுச்சு.

தூத்துக்குடி ஷிப்பிங்:
பார்சல் விஷயம் மட்டும் சொல்லுதேன். அதிரசம் வேண்டாம், போய் சேரதுக்குள்ள பூத்துரும். அச்சுமுறுக்கு தூளாயிரும். முந்திரிக்கொத்து நல்லா தாங்கும், ரெண்டு கிலோ போதும். கொப்பரைத் தேங்காய வைக்காதீங்க, ஏர்போர்ட்ல எடுத்துருவாங்க. விதை எதுவும் போடாதீங்க. பருப்பு மசாலாவுக்கு வெயிட்ட வீணாக்க வேண்டாம், அங்க லிலோங்வே, பிளான்டயர் டவுன்கள்ல குஜராத்திக்காரங்க கடை இருக்கு, எல்லாம் கிடைக்கும். அடிஸ் அபாபா வழியா யாராவது போறாங்களான்னு விசாரிச்சு கையில குடுத்து விடுறதுதான் நல்லது. பணம்னா பேங்க்ல பான் கார்டு, வெளிநாட்டுக்கு பணம் அனுப்புறதுக்கான ஏ2 பாரம் கேப்பாங்க, டிசம்பர் கடைசிக்கு வைக்காம முன்னாடியே போயிருங்க.

வெள்ளாளன்விளை அண்ணாச்சி:
பிஷப் அசரியா ஐயா எங்க ஊருக்காரர், அதனால இதுல எனக்கு ஒரு உரிமை உண்டு. 1903-ல பாளையங்கோட்டைல இந்தியன் மிஷனரி சொசைட்டி ஆரம்பிச்சப்போ நம்ம ஆளு, நம்ம காசுங்கிறதுதான் பேச்சே. அவங்க ஊழியத்துக்கு போன டோர்ணக்கல் அப்போ நிஜாம் சமஸ்தானம், மொழி தெலுங்கு, நம்ம சனத்துக்கு அதுவே வெளிநாடு மாதிரிதான். அவரே குடும்பத்தோட அங்க போயி, முதல்ல கூடாரத்துல தங்கி ஊழியம் செஞ்சாரு. 1912 டிசம்பர் 29, கிறிஸ்துமஸ் முடிஞ்ச நாலாம் நாள், கல்கத்தால பிஷப்பா அபிஷேகம். இங்க நம்ம வீட்டு பொம்பளைக உலையில போடுற அரிசில ஒரு கைப்பிடி எடுத்து வச்சி ஊழியத்துக்கு குடுத்தாங்க. அந்த அரிசிக்கு பதிலா யாரும் படம் கேக்கல.

சோளம் வாங்க பணம் அனுப்பலாம், அனுப்பணும். ஆனா அத்தான்ட்ட கேட்டு செய்யுங்க. கிறிஸ்துமஸ் அன்னைக்கு கோயில் வாசல்ல அவரு மூட்டைய பிரிச்சி குடுத்தா, சோளத்துக்காக கோயிலுக்கு வந்தான்னு அந்த சனத்துக்கு பேரு வந்துரும். அந்த ஊர் சபை மூப்பர்கள் கையில குடுத்து, பண்டிகைக்கு முன்னாலயோ ஜனவரியிலயோ, கோயிலுக்கு வர்றவன் வராதவன் எல்லாருக்கும் சேர்த்து அவங்களே பாத்து குடுக்கட்டும்.

சுரண்டை வாசகர்:
வீடியோ கேக்கது தப்புன்னு நான் நெனைக்கல. நான் எங்க சபைல மிஷனரி கமிட்டில இருக்கேன், பாத்தாதான் சனங்க ஜெபிக்காங்க, முகம் தெரியாத ஊருக்கு எத்தன நாள் ஜெபிப்பாங்க?

நாசரேத் மதினி:
ஐயா, கேளுங்க, அன்னைக்கு கேக்காதீங்க. ஜனவரி ரெண்டாவது வாரம் ஆவட்டும், அவங்களே மனசா அனுப்புவாங்க. பிள்ளைக பேரச் சொல்லி ஜெபிக்க படம் வேண்டாம்லா.

பாளைத்தம்பி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எங்க சபை போதகர் ஐயர்வாளப் பாத்து பேசுனேன், கொஞ்சம் யோசிச்சிட்டு வீடியோவ பொங்கலுக்கு அப்புறம் வச்சிக்கிடலாம்னுட்டாங்க. சோளத்துக்கு பெண்கள் ஐக்கிய சங்கத்துல தனியா எடுக்காங்க, அத்தான் மூப்பர்கள்ட்ட பேசிட்டு சொல்லுதேன்னாங்க. ஞாயித்துக்கிழமை, அங்க சாயந்தரமா பாத்து அக்காவ கூப்பிட்டு, "உனக்கு என்ன வேணும், ஊழியத்துக்கு இல்ல, உனக்கு"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு, ஸ்டார் ஒட்டுற கலர் பேப்பர் கேட்டா. அங்க மூங்கில் இருக்காம், பேப்பர்தான் இல்லயாம், அப்பா எங்களுக்கு கட்டித் தந்த மாதிரி பிள்ளைகளுக்கும் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கும் கட்டிக் குடுக்கணுமாம். சிவப்பு, பச்ச, மஞ்சள்னு நாப்பது ஷீட் வாங்கிட்டேன். முந்திரிக்கொத்து டின்னு கூட வருது, மடிப்பு விழாம பேப்பர எப்படி கட்டுறதுன்னு ஷிப்பிங் அண்ணன் சொன்னா நல்லாருக்கும்.