ஓடி நின்ற பிறகு எடுத்த படம்

கல்லடியிலிருந்து:

அப்பாவுக்கு 67 வயது. படுவான்கரையில் வயல். போன பெரும்போகத்தில் உரப்பையோடு வரம்பில் நடந்தவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுவலி இல்லை, மூச்சுத்தான் வாங்கியது. கொஞ்ச நேரத்தில் "சரியாகிட்டு" என்று எழுந்து மறுபடியும் வேலை பார்த்திருக்கிறார். ஒரு இடத்தில் வாய்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். ஈசிஜி, எக்கோ இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டுமே கட்டிலில் படுத்தபடி எடுத்தவை.

பிறகு ஒரு இதய டொக்டர் நியூக்ளியர் ஸ்கான் எழுதினார்; கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றி, இதயத் தசைக்கு இரத்தம் போவதைக் கமராவில் படமெடுப்பது. நானும் தம்பியும் இரவு ரயிலில் அப்பாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போனோம். ட்ரெட்மில்லில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடியது. 220இலிருந்து வயதைக் கழித்து அதில் 85 வீதம், அப்பாவுக்கு 130, அவ்வளவு துடிப்பு வரவேண்டும். வந்ததும் டெக்னீசியம் மருந்தை ஊசியில் ஏற்றி, இன்னும் ஒரு நிமிடம் நடக்கச் சொன்னார்கள். படம் எடுத்ததோ அரை மணி நேரம் கழித்து. மூச்சு ஆறிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவரைப் படமெடுத்து என்ன தெரியப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

ரிப்போர்ட்டில் இதயத்தின் பக்கச் சுவருக்கு இரத்த ஓட்டம் குறைவு என்று இருந்தது. அடுத்த வரிதான் என்னைப் பிடித்து உலுக்கியது. ஓய்வில் எடுத்த படத்தில் இதயம் முழுதும் ஏறக்குறைய ஒன்றாகச் சுருங்குகிறது. ஓடியபின் எடுத்ததில் அந்தச் சுவர் மட்டும் பிந்துகிறது. அரை மணி நேரம் ஆகியும்! வரம்பில் எழுந்து நின்றபோதும் உள்ளே இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்து அழுதுவிட்டேன்.

கல்முனையிலிருந்து:

தங்கச்சி, கட்டாரில் சில வருஷம் இந்தக் கமராவில்தான் எனக்கு வேலை. ஊசி போட்ட நிமிடத்தில் இரத்தம் போன இடத்துத் தசையில் மருந்து தங்கிவிடும், பிறகு பெரிதாக நகராது. அதனால் இரத்த ஓட்டப் படம் ட்ரெட்மில்லில் உச்சத்தில் இருந்த நிலையைக் காட்டும். சுருங்கும் நேரம் மட்டும் கமரா சுற்றும்போது உள்ள நிலை. இரத்தம் காணாமல் தவித்த தசை, ஆள் ஓடி நின்ற பிறகும் சிலநேரம் மரத்துப்போய்க் கிடக்கும். அதுதான் அப்பாவின் படத்தில் பட்டிருக்கிறது.

ஈசிஜியை வைத்து ஒவ்வொரு துடிப்பையும் 8 அல்லது 16 துண்டாகப் பிரிப்போம். தசை சுருங்கித் தடிக்கும்போது அந்த இடம் பிரகாசமாகும். ஒரு துடிப்பை 360 பாகையாக எடுத்து, எந்த இடம் எப்போது பிரகாசிக்கத் தொடங்குகிறது என்று கணினி கணக்குப் போடும். அந்த நேரங்களை வரைபாகப் போட்டால், நல்ல இதயத்தில் அது ஒடுங்கிய கூம்பாக நிற்கும்; சுவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் சுருங்கினால் அகன்றுவிடும். துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்தக் கணக்கை நம்பமுடியாது. மருந்து குறைந்தாலும் வரைபு கொஞ்சம் அகலும். ஒரே நாளில் ஓய்வுப் படத்தை முதலில் எடுத்தால் அதற்குத்தான் குறைந்த மருந்து. அப்படியிருந்தும் ஓடிய படம் அகன்றிருந்தால் நான் அதைச் சாதாரணமாக விடமாட்டேன்.

அக்கரைப்பற்றிலிருந்து:

எங்கள் உம்மாவை ட்ரெட்மில்லில் ஏற்றவே இல்லை. இதயத்தின் இடப்பக்க மின்பாதையில் தடை. ஓய்விலேயே நடுச்சுவர் முந்தும், பக்கச் சுவர் பிந்தும். ஓடித் துடிப்பு கூடினால் இதயத்தின் இரத்தக் குழாயில் அடைப்பே இல்லாமலும் நடுச்சுவரில் இரத்தம் குறைந்ததாகப் படம் காட்டுமாம். அதனால் குழாயை விரிக்கும் மருந்து கொடுத்தார்கள். முதல் தடவை விடியற்காலையில் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டார் என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த மருந்து வேலை செய்யத் தேயிலை, கோப்பி, சொக்லேட் எல்லாம் முதல் நாளே நிறுத்த வேண்டும்.

கல்லடியிலிருந்து:

இரண்டு பேருக்கும் நன்றி. அப்பாவுக்கு அடுத்த மாதம் அஞ்சியோகிராம். இந்தப் போகம் வயலைத் தம்பி பார்க்கிறான்.