புதுப்பிப்பு: ‘மாரியோ அண்ட் லூயிஜி: சூப்பர்ஸ்டார் சாகா’ கடைசிச் சண்டை முடிந்தது

போன வாரம் இங்கே புலம்பியவன் நான்தான். 2003-இல் கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்கு வந்த விளையாட்டு, முதல்முறை ஆடுகிறேன். கடைசியில் வில்லி காக்லெட்டாவின் ஆவியோடு சண்டை தொடங்கும்போதே மாரியோ, லூயிஜி என்ற அண்ணன் தம்பி இருவருக்கும் உயிர்ப்புள்ளி 1தான், முதல் அடியும் அவளுடையது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

லெவலை ஏற்றச் சொன்னதைத்தான் முதலில் செய்தேன். இரண்டு மாலை போனது. எத்தனை லெவல் ஏறினாலும் தொடக்கத்தில் அதே 1 புள்ளிதானே! பலித்தது இன்னொருவர் சொன்னது: “மாரியோவைப் பார்க்காதே, அவளைப் பார்.” அதுவரை என் கண் அண்ணன் தம்பியின் தொப்பிகள் மேலேயே இருந்தது. அவள் அசைவைப் பார்த்து, மாரியோவுக்கு ஏ பொத்தான், லூயிஜிக்கு பி பொத்தான் என்று அழுத்தித் தாவவைத்தேன். நாலாவது முயற்சியில் முதல் சுற்றில் தப்பித்தேன். உடனே உயிர்ப்புள்ளி ஏற ஆளுக்கொரு காளான். அப்புறம்தான் மூச்சே வந்தது.

தேடி வருபவர்களுக்கு: காக்லெட்டாவின் கைகளையும் தலையையும் வீழ்த்திய பிறகுதான் அவள் இதயம் அடிபடும். தாமதித்தால் அவை திரும்ப வந்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது.

எதிர்பாராதது ஒன்று. ஆட்டத்துக்குள் வரும் ஸ்டார்பீன்ஸ் கஃபேயில், நாம் சேர்த்த அவரைக்கொட்டைகளைக் கொடுத்துப் போடும் காபி, திறன்களை நிரந்தரமாகவே உயர்த்துகிறது. கொட்டைகளைப் பையில் மூட்டையாக வைத்துக்கொண்டு ஆட்டம் முழுக்கச் சுற்றியிருக்கிறேன்.