சங்கிலி இல்லாத டெயில்கேட்: ஒரு 1955 ஃபோர்டு எஃப்-100

பழைய பிக்கப் வண்டியின் டெயில்கேட்டை, அதாவது சுமைப்பெட்டியின் பின்கதவை, மாற்றியவர்கள் எல்லோரும் மூடிய கதவின் படத்தைத்தான் காட்டுகிறார்கள். திறந்து, அதன்மேல் இரண்டு பேர் உட்கார்ந்தால் என்ன ஆகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. ஒஹாயோவில் நண்பர் ஒருவரின் 1955 எஃப்-100 பிக்கப்பில் செய்த வேலையை வைத்து அதைச் சொல்கிறேன்.

அந்தக் கால எஃப்-100-இன் பின்கதவில் நுணுக்கம் எதுவும் கிடையாது. கீழே கீல், இரு பக்கமும் சங்கிலி, மாட்டுவதற்குக் கொக்கி. ஃபோர்டு என்ற பெயர் தகட்டிலேயே புடைத்து நிற்கும். வண்டி ஓடும்போது சங்கிலி கடகடவென்று அடிக்கும். அடிபட்ட இடத்தில் பெயிண்ட் போகும், பெயிண்ட் போன இடத்தில் துரு ஏறும். நண்பருக்குச் சங்கிலியைக் கண்டாலே ஆகாது. வெளியில் எதுவும் தெரியாமல் மொழுமொழுவென்று இருக்க வேண்டும் என்றார். புதிய ஆசை இல்லை. ஷெவர்லே அதே 1955-இல் கேமியோ கேரியர் என்ற பிக்கப்பைக் கண்ணாடியிழைப் பக்கங்களோடு வழவழப்பாகச் செய்து விற்றது.

கழற்றுவதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். சங்கிலிக்கு வேலை இரண்டு. திறந்த கதவைத் தாங்குவது ஒன்று. மூடியிருக்கும்போது பெட்டியின் இரு பக்கத் தகடுகளும் வெளியே சாயாமல் இழுத்துப் பிடிப்பது மற்றொன்று. பலர் முதல் வேலைக்கு மட்டும் மாற்று வைத்துவிட்டு, பாரம் ஏற்றியதும் கதவு ஏன் லொடலொடக்கிறது என்று தலையைச் சொறிகிறார்கள்.

நாங்கள் கதவின் இரு ஓரங்களிலும் ‘பேர் கிளா’ தாழ்ப்பாள்களைப் பொருத்தினோம். நண்டுக் கொடுக்குபோல இரண்டு தாடைகள், பெட்டியின் பக்கத் தகட்டில் இருக்கும் ஒரு போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். அந்தப் போல்ட்டுக்கு அகலமான தலை இருந்தால்தான் பக்கத் தகடு விரியும்போது தாடையிலிருந்து நழுவாது. திறந்த கதவைத் தாங்க, உறை போட்ட எஃகுக் கம்பிவடம்.

பழைய கொக்கித் துளைகளை அடைப்பதில்தான் பொறுமை போயிற்று. மெல்லிய தகட்டில் ஒரே மூச்சில் வெல்டிங் இழுத்தால் சூட்டில் நெளிந்துவிடும். பிறகு எவ்வளவு பட்டி பூசினாலும் வெயிலில் அலையடிப்பது தெரியும். இங்கே ஒரு புள்ளி, எதிர் மூலையில் ஒரு புள்ளி, தொட்டுப் பார்த்துச் சூடு ஆறியபின் அடுத்தது என்று வைத்தோம். பெயர் எழுத்துகளின் பக்கம் வெல்டிங் முனையே போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அந்த எழுத்துகளையும் அறுத்து மழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது மூக்கை அறுத்த முகம்.

சமதளத்தில் தாழ்ப்பாள் அழகாகப் பூட்டியது. பின்சக்கரம் ஒன்றைக் கட்டையின்மேல் ஏற்றியதும் திறக்க மறுத்தது. இந்த வண்டிகளின் அடிச்சட்டம் (சேசிஸ்) முறுக்கிக்கொடுக்கும். பெட்டியும் அதோடு திருகும். சங்கிலிக்கு அது பொருட்டில்லை, இறுக்கமான தாழ்ப்பாளுக்குப் பொருட்டு. போல்ட் துளைகளை நீளவாக்கில் அராவி, இரு நிலையிலும் திறக்கும் இடம் பார்த்து முடுக்கினோம். இந்தச் சோதனையைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

பொத்தானை அழுத்தினால் மின்சாரத்தால் தாழ்ப்பாளைத் திறக்கும் சோலனாய்டு நண்பருக்கு வேண்டியிருந்தது. வைத்துக்கொள்ளட்டும், ஆனால் பாட்டரி இறங்கினால் கையால் இழுக்க ஒரு கேபிள் கட்டாயம் வேண்டும் என்றேன். அதைப் பெட்டிக்கு அடியில் மறைத்துவிட்டோம். பிறகு இருவரும் கதவில் ஏறி உட்கார்ந்தோம். வடம் அசையவில்லை, கீல் பக்கம் கொஞ்சம் அமுங்கியது. உள்ளே ஒரு பட்டை வைத்துப் பற்றவைத்தபின் அதுவும் நின்றது.

எண்பலகையைக் கதவிலேயே பதிக்கலாமா என்று அடுத்துக் கேட்டார். கதவைத் தாழ்த்தி நீளமான மரம் ஏற்றிப் போகும்போது எண் யாருக்குத் தெரியும்? பம்பரிலேயே, விளக்கோடு இருக்கிறது.