கண்மாய் மீன்பாசிக் குத்தகை: நாட்டு மீன்களை அழிக்காமல் கெண்டை வளர்க்க வழி உண்டா?

கேள்வி: கலுங்கடி

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாயின் மீன்பாசி (மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை) ஏலத்தை இந்த ஆண்டு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எடுத்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் பங்குனி வரை தண்ணீர் நிற்கும். அதன் பிறகு மடைக்கு அருகிலுள்ள பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தேங்கிக் கிடக்கும். விரால், குரவை, கெளுத்தி, உளுவை, அயிரை, பனையேறிக் கெண்டை ஆகியவை இன்றும் எங்கள் கண்மாயில் கிடைக்கின்றன.

மீன்குஞ்சு விற்பவர் எங்களுக்கு இரண்டு யோசனைகள் கூறினார். மழைக்கு முன்பே பள்ளத்தில் இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து, குஞ்சுகளைத் தின்னும் விரால் முதலியவற்றை ஒழித்துவிட வேண்டும் என்பது ஒன்று. கட்லா, ரோகு ஆகிய வளர்ப்புக் கெண்டைகளை விட வேகமாக எடை கூடும் கிஃப்ட் திலேப்பியாவை விட வேண்டும் என்பது மற்றொன்று. ஆனால் கோடையில் ஊரே ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடிக் கருவிகளை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கும்போது, எல்லாரும் தேடுவது விராலைத்தான். போட்ட முதலும் திரும்ப வேண்டும், இந்த மீன்களும் இருக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழி கூறுங்கள்.

பதில்: நன்னீர்ப்பண்ணை

முதலில் புண்ணாக்கைப் பற்றிக் கூறுகிறேன். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு 2,500 கிலோ என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதிலுள்ள சபோனின் என்ற நச்சுப்பொருள் மீனின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கொல்கிறது. இரண்டு மூன்று வாரங்களில் நஞ்சு தணிந்து, புண்ணாக்கு உரமாகிவிடும். பொரித்து சில நாட்களே ஆன நுண்குஞ்சுகளை விடும் நாற்றங்கால் குளங்களுக்காக வகுக்கப்பட்ட முறை இது. அங்கே ஒரு சிறு கெளுத்திகூடப் பெருஞ்சேதம் விளைவிக்கும் என்பதால் அதற்கு நியாயம் உண்டு. கண்மாய்க்கு அந்த நியாயம் பொருந்தாது. கோடைப் பள்ளத்தில் மிஞ்சியிருப்பவைதாம் அடுத்த மழைக்கு முட்டையிட வேண்டிய தாய்மீன்கள். அவற்றைக் கொன்றுவிட்டால், வரத்துக் கால்வாயில் தற்செயலாக ஏறி வருவதைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

விரால் தன் வாய்க்குள் அடங்குவதையே விழுங்கும். விலை மலிவு என்று இரண்டு மூன்று சென்டிமீட்டர் குஞ்சுகளை வாங்கிக் கண்மாயில் கொட்டினால், அது விராலுக்குப் போட்ட தீனிதான். அதற்குப் பதிலாக ஆவணியிலேயே ஒரு பண்ணைக்குட்டையில் குஞ்சுகளை விட்டு, தவிடும் கடலைப் புண்ணாக்கும் கொடுத்து வளர்த்து, கண்மாய் பெருகியதும் பத்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட விரலிகளாக விடுங்கள். பெரிய விராலுக்குச் சில போகும், பெரும்பாலானவை தப்பும். உங்கள் கண்மாயில் தண்ணீர் நிற்பது ஐந்தாறு மாதங்களே என்பதால், பெரிய விரலியாக விடுவது அறுவடை எடைக்கும் நல்லது. புண்ணாக்குக்குச் செலவிடும் பணத்தைக் குட்டைக்குச் செலவிடுங்கள் என்பதே என் கருத்து.

பதில்: கெண்டைக்காரன்

திலேப்பியாவைக் கண்மாயில் விடவே விடாதீர்கள். மொசாம்பிக் திலேப்பியா 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மூன்று மாதத்திலேயே சினைக்கு வந்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் தாய் வாயிலேயே வைத்துக் காக்கும் மீன் அது. இன்று நாம் ஜிலேபி என்று அழைக்கும் அந்த மீன் இல்லாத நீர்நிலையைத் தமிழ்நாட்டில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கிஃப்ட் என்பது நைல் திலேப்பியாவிலிருந்து 1988 முதல் பிலிப்பைன்ஸில் தெரிவுமுறையில் உருவாக்கப்பட்ட இரகம். ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து ஆண் குஞ்சுகளாக்கி விற்கிறார்கள் என்றாலும், நூற்றுக்கு நூறு ஆணாக அமைவதில்லை. உரிய அனுமதியுடன், மீன் தப்பிச் செல்லாத தடுப்புகள் உள்ள குளங்களில் மட்டுமே அதை வளர்க்கலாம் என்று விதி இருக்கிறது. உங்கள் பகுதிக் கண்மாய்களோ சங்கிலித்தொடராக அமைந்தவை; ஒன்றிலிருந்து வழியும் மறுகால் நீர் அடுத்ததற்கு வரத்து. உபரிநீர் வழியும் கலுங்கு பாயும் நாளில் எந்த வலை தடுக்கப்போகிறது?

கட்லா, ரோகு, மிர்கால் மட்டும் நம் மண்ணின் மீன்களா என்று யாராவது கேட்கலாம், நியாயமான கேள்விதான். அவையும் கங்கைப் பகுதியிலிருந்து வந்தவையே. ஆனால் அவை தேங்கிய நீரில் இனப்பெருக்கம் செய்வதில்லை. அதனால்தான் பொரிப்பகங்களில் ஊசி போட்டுச் சினைமுட்டை எடுக்கிறார்கள். ஆறுகளும் பெரிய அணைகளும் வேறு கதை. கண்மாயைப் பொறுத்தவரை, நீங்கள் விடுவதை நிறுத்திவிட்டால் ஓரிரு பருவங்களில் அவை இல்லாமல் போய்விடும். ஜிலேபியை அப்படித் திரும்பப் பெற முடியாது.

தேளி என்ற பெயரில் சிலர் விற்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியிடமும் எச்சரிக்கையாக இருங்கள். அதன் வளர்ப்பை 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது.

பதில்: ஊத்தாக்காரர்

மேலே இருவரும் எதை விடுவது என்று விளக்கிவிட்டார்கள். நான் பிடிப்பதைப் பற்றிக் கூறுகிறேன். மழைக்குப் பின் கரையோரப் புல்லுக்கு அருகில் செக்கச்செவேலென்று ஒரு கூட்டம் நீர்மட்டத்தில் கொப்பளித்துக்கொண்டிருந்தால் அது விரால் குஞ்சு. அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்த இடத்தில் தூண்டில் போட்டால் விரால் தவறாமல் சிக்கும் என்பது ஊரில் சிறுவர்களுக்கும் தெரியும். பெரியதைப் பிடித்த அன்றே அந்தக் குஞ்சுகளைக் கெண்டையும் கொக்கும் தீர்த்துவிடும். அந்தச் சில வாரங்கள் அங்கே யாரும் தூண்டில் போடக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி வையுங்கள்.

மடையில் கொசுவலை கட்டாதீர்கள். அயிரை மொத்தமும் அதில்தான் அழிகிறது. கடைசியாக, குத்தகைதாரர்கள் பலரும் செய்கிற ஒரு காரியம்: பங்குனியில் இன்ஜின் வைத்துப் பள்ளத்தைச் சேறு தெரிய இறைத்து, கடைசி மீன்வரை பொறுக்கிவிடுவது. அதில் கிடைக்கும் வருமானம் சொற்பம், இழப்போ அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் தொடரும். பள்ளத்தை விட்டுவிடுங்கள். ஆடுமாடுகளுக்கும் அங்கே தண்ணீர் இருக்கும்.

கலுங்கடி:

மூவருக்கும் நன்றி. திலேப்பியா யோசனையைக் கைவிட்டோம். குட்டைக்கு இடமும் பார்த்துவிட்டோம். இன்னும் ஒரு சந்தேகம். விரால் குறைந்துவிட்டதால், வெளியூர்ப் பொரிப்பகத்தில் விரால் குஞ்சு வாங்கி விட்டால் அது பாதுகாப்பு ஆகாதா?

நன்னீர்ப்பண்ணை:

அவசரப்பட வேண்டாம். காவிரியில் நடந்ததைப் பாருங்கள். மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் செயற்கை முறையில் பெருக்கிய நீலத்துடுப்பு மகசீர் என்ற பெரிய ஆற்றுமீனின் குஞ்சுகள், 1970களிலிருந்து நல்லெண்ணத்தோடுதான் காவிரியில் விடப்பட்டன. அவை பெருகின, காவிரிக்கே உரிய திமில் மகசீரோ மிக அரிதாகி, மோயாறு போன்ற சில இடங்களில் மட்டும் எஞ்சியது. அதன் அறிவியல் பெயர் தெளிவுபட்டதே 2018இல்தான். அதே ஆண்டு, அழியும் விளிம்பிலுள்ள இனமாகவும் அறிவிக்கப்பட்டது. இந்திய மீன் என்பதாலேயே ஒன்று எல்லா ஆற்றுக்கும் பொருந்திவிடாது. உங்கள் கண்மாயில் இன்னும் விரால் இருக்கிறது என்று நீங்களே கூறுகிறீர்கள். முதல் இரண்டு பருவம் பள்ளத்தை இறைக்காமலும், குஞ்சு காக்கும் விராலைப் பிடிக்காமலும் விட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் குறைவாகவே இருந்தால், அதே வரத்துக் கால்வாயிலுள்ள அடுத்த கண்மாயிலிருந்து ஐந்தாறு தாய்மீன்களைக் கொண்டுவந்து விடலாம்.