செவ்வாய் கிரகப் பயணத்துக்குப் பொட்டலச் சாப்பாடு போதுமா, செடி வேண்டுமா?

கீரைக்காரி:
விண்வெளி நிலையத்தில் விளைந்த சிவப்பு லெட்டூஸை ஸ்காட் கெல்லியும் கூட்டாளிகளும் தின்றது 2015 ஆகஸ்டில். அதற்குப் பிறகும் நாசா பொட்டலத்தைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. நிலையத்துக்குச் சில மாதத்துக்கு ஒருமுறை சரக்குக் கலம் வந்துவிடும், சமாளிக்கலாம். செவ்வாய்க்குப் போய்த் திரும்பக் கிட்டத்தட்ட மூன்று வருஷம். சாப்பாட்டை முன்கூட்டியே அனுப்பி வைக்க வேண்டியிருப்பதால் ஐந்து வருஷம் தாங்க வேண்டும் என்கிறார்கள். ஐந்து வருஷப் பழசைத் தின்று யார் பிழைப்பது? கூடவே தோட்டம் போக வேண்டும். மறுப்பவர்கள் வரலாம்.

பொட்டலம்82:
வந்துவிட்டேன் அக்கா. ரிட்டார்ட் பை அடைக்கும் ஆலையில் ஒன்பது வருஷமாக வேலை. பிழைப்பார்கள், கவலை வேண்டாம். சாம்பாரைப் பையில் ஊற்றி, காற்றை எடுத்து, வாயை ஒட்டி, அழுத்தத்தில் வைத்து 121 டிகிரிக்குக் கொண்டுபோகிறோம். பையின் நடுப்பகுதிதான் கடைசியாகச் சூடேறும். சோதனைப் பையில் அந்த இடத்தில் ஊசி வெப்பமானியைக் குத்தி வைத்துத்தான் நேரம் கணக்கிடுவோம். அடைத்த சாப்பாட்டில் விஷம் உண்டாக்கும் பாட்டுலினம் கிருமியின் வித்து அங்கேயும் சாக வேண்டும். நிலையத்துக்குப் போகும் மீன், பீன்ஸ், பழம் பலவும் இதே முறைதான். மாட்டிறைச்சி, வான்கோழி போன்ற சிலதைக் கதிர்வீச்சில் கிருமி நீக்க நாசாவுக்குத் தனி அனுமதியே உண்டு.

இன்னொன்று. எங்கள் ஆலைச் சுவரில் தொங்கும் ஹாசப் (HACCP) என்ற உணவுப் பாதுகாப்புப் பட்டியல் விண்வெளிச் சாப்பாட்டுக்காகப் பிறந்தது. 1960களில் பில்ஸ்பரி கம்பெனியும் நாசாவும் அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வுக்கூடமும் சேர்ந்து செய்தது. செய்து முடித்த சாப்பாட்டைச் சோதித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் எந்தப் படியில் கெடும் என்று பார்த்து அங்கேயே மடக்குவது.

வானம்பாடி:
இடையில் ஒரு சந்தேகம். விண்வெளிக்குச் சிலதை உலர்த்திக் கொண்டுபோகிறார்களே, அதுவும் எங்கள் பாட்டி போட்ட வத்தலும் ஒன்றுதானே? நாம் அப்போதே கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லலாமா?

பொட்டலம்82:
சொல்ல ஆசைதான், ஆனால் இல்லை. வெயிலில் காய்ந்தால் காய் சுருங்கி இறுகிவிடும், வறுக்கத்தான் லாயக்கு. உறைநிலை உலர்த்தலில் முதலில் உறைய வைத்து, பிறகு காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்குவார்கள். பனிக்கட்டி உருகாமலே ஆவியாகிப் போய்விடும். உருவம் அப்படியே, உள்ளே நுண்ணிய ஓட்டைகள். இப்படி உலர்த்திய இறாலில் வெந்நீர் ஊற்றினால் சில நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும். இதற்குக் கிட்டத்தில் வருவது ஆண்டிஸ் மலைக்காரர்களின் சூன்யோ. உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து, பகல் வெயிலில் காயவைப்பது. பெருமை அவர்களுக்கு. நமக்கு வேண்டுமானால் டி.எஃப்.ஆர்.எல். என்று பெயர் பெற்ற மைசூரு ராணுவ உணவு ஆய்வுக்கூடம் உண்டு. 1984-இல் ராகேஷ் சர்மாவுக்கு அங்கிருந்துதான் சாப்பாடு போனது.

கீரைக்காரி:
பேச்சை மாற்றாதீர்கள். கிருமி செத்தது சரி, விட்டமின்? வருஷக் கணக்கில் அறை வெப்பத்தில் வைத்தால் சி-யும் பி1-ம் இறங்கிக்கொண்டே போவது நாசாவின் சொந்தச் சோதனைகளிலேயே தெரிந்த விஷயம். மாத்திரை போடலாம் என்பீர்கள். மாத்திரையும் பழசாகத்தானே செய்யும்?

பொட்டலம்82:
அந்த இடத்தில் எங்களுக்கு அடிதான், ஒத்துக்கொள்கிறேன். குளிரில் வைத்தால் இழப்பு குறையும். 1973-இல் ஸ்கைலாப் என்ற பழைய அமெரிக்க விண்வெளி நிலையத்தில் உணவுக்கு உறைபெட்டியே இருந்தது. நிலையத்தில் பெரும்பாலான சாப்பாடு குளிர்பெட்டி இல்லாமல்தான் கிடக்கிறது. மின்சாரம், எடை, இடம் மூன்றும் காசு.

ஆனால் உங்கள் தோட்டக் கணக்கைப் பாருங்கள். 2021-இல் நிலையத்தில் மிளகாய் போட்டார்கள். விதையிலிருந்து கடைசிப் பறிப்பு வரை 137 நாள். கிடைத்தது டாக்கோவில் (மடித்த மெக்சிகோ ரொட்டி) தூவிக்கொள்ளும் அளவு. 2015 லெட்டூஸிலும் இலையைச் சிட்ரிக் அமிலத் துணியால் துடைத்துவிட்டுத் தின்றார்கள், பாதியை உறைய வைத்து ஆய்வுக்குப் பூமிக்கு அனுப்பிவிட்டார்கள். இதில் ஒரு நாள் பசி அடங்குமா? நிலையத்தில் இருந்த வீரர் ஃபிராங்க் ரூபியோ பறித்த குட்டித் தக்காளியைத் தொலைத்தார். அவரே தின்றுவிட்டார் என்று பல மாதம் கேலி. அவர் பூமிக்குத் திரும்பிய பிறகு 2023 டிசம்பரில் வதங்கிக் கிடைத்தது. தோட்டத்தை நம்பி இருந்தால் ஒரு தக்காளி தொலைந்தாலே பஞ்சம்.

கீரைக்காரி:
பசிக்கு அரிசி விளைவிக்கச் சொன்னேனா? பொட்டலத்தில் செத்துப்போகும் விட்டமினுக்குத்தான் கீரை. பசிக்கு உங்கள் பை இருக்கட்டும். "கூடவே" என்று முதல் பதிவிலேயே சொன்னேன், படித்தீர்களா?

சந்தேகக்கோடாலி:
இரண்டு பேரும் வாயை மறந்துவிட்டீர்கள். பல பயணங்களில் வீரர்கள் எடை குறைந்தே திரும்பியிருக்கிறார்கள். சாப்பாடு இருந்தது, சாப்பிடப் பிடிக்கவில்லை. உடம்பு நீர் தலைப்பக்கம் ஏறி மூக்கடைத்த மாதிரி இருக்கும், மணம் பிடிக்காது. அதனால்தான் இறாலைக் காரமான சாஸில் போட்டுத் தரும் 'இறால் காக்டெய்ல்' என்ற பண்டத்துக்கு அங்கே அவ்வளவு மவுசு. உப்பைத் தூவினால் மிதந்து பறக்கும், அதனால் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். மிளகுத்தூளை எண்ணெயில்.

1965-இல் ஜெமினி 3 விண்கலத்தில் ஜான் யங் உடுப்புப் பையில் மறைத்துக் கொண்டுபோனது ஒரு ரொட்டி சாண்ட்விச். கூடப் போன கிரிஸ்ஸம் ஒரு கடி கடித்தார், துகள் பறக்கத் தொடங்கியது, மூடி வைத்துவிட்டார். அமெரிக்கக் காங்கிரஸ் வரை கேள்வி போனது. அந்தத் துகள் பயத்தால்தான் பிற்பாடு ரொட்டியின் இடத்தை டார்ட்டில்லா (சப்பாத்தி மாதிரி மெக்சிகோப் பண்டம்) பிடித்தது. 2025-இல் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் மாம்பழ ரசமும் கொண்டுபோனதும் வாய்க்காகத்தான். விட்டமின் கணக்கு பார்த்தா அல்வா கட்டினார்கள்?

பொட்டலம்82:
அல்வா விஷயத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எடை மட்டும் மறக்காதீர்கள். பழைய விண்வெளி ஓடத்தில் (ஷட்டில்) ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்க்கும் எரிபொருள் மின்கலம் மின்சாரம் தரும்போதே தண்ணீரும் தந்தது, அதை ஊற்றிக்கொள்ளலாம் என்பதால் உலர்ந்த சாப்பாடு லாபம். நிலையத்தில் மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து, அப்படி உபரித் தண்ணீர் இல்லை. சிறுநீர், வியர்வை எல்லாம் சேர்த்து 98 சதவீதம் மீட்பதாக 2023-இல் காட்டினார்கள். செடிக்கு ஊற்றும் தண்ணீரும் அதே கணக்கில்தான் வர வேண்டும்.

கீரைக்காரி:
செடி குடித்த தண்ணீரில் பெரும்பகுதி இலை வழியாகக் காற்றில் ஈரமாகத்தான் வெளியே வரும். அதையும் அதே இயந்திரம் பிடித்துக்கொள்ளும், நஷ்டம் இல்லை. அதை விடுங்கள். ஆலைக்காரர் ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். பின்னால் சோதித்துப் பார்க்கக் கன்ட்ரோல் சாம்பிள் என்று பையை எடுத்து வைப்பீர்களே, அதில் பழசு எது? திறந்து பார்த்ததுண்டா?

பொட்டலம்82:
மூன்று வருஷத்து முருங்கைக்காய் சாம்பார். போன மாதம் திறந்தோம். கிருமிச் சோதனையில் ஒன்றும் இல்லை, பை உப்பவில்லை. காய் மட்டும் பழுப்பேறியிருந்தது. ஐந்து பேர் ருசி பார்த்தோம்.

கீரைக்காரி:
ருசி?

பொட்டலம்82:
யாரும் இரண்டாவது கரண்டி எடுக்கவில்லை அக்கா.