புதுப்பிப்பு: ஸ்கிபைக்கோடு சேர்லிஃப்டில் ஏறியாச்சு

ஸ்கிபைக் என்பது சக்கரங்களுக்குப் பதில் ஸ்கிகள் (பனிச்சறுக்குப் பலகைகள்) பூட்டிய சைக்கிள். ஓடிக்கொண்டே இருக்கும் சேர்லிஃப்டில் (கம்பிவடத்தில் தொங்கியபடி ஆட்களை மலைமேல் ஏற்றிச் செல்லும் நாற்காலி வரிசை) அதை எப்படி ஏற்றுவது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

போன வாரம் கொலராடோவில், டுராங்கோ பக்கத்திலுள்ள பர்கட்டரி பனிச்சறுக்கு மையத்துக்குப் போனேன். முதல் தடவை பைக்கை மடியில் தூக்கி வைக்கப் பார்த்தேன்; கைப்பிடி குறுக்கே நின்று பாதுகாப்புக் கம்பியை இறக்க விடவில்லை. அப்புறம் உங்களில் ஒருவர் சொன்ன வழிக்கு வந்தேன்: ஓர இருக்கையில் நான், உள்பக்கம் பைக். நாற்காலி பின்னால் வரும்போது பைக்கின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினால் போதும், அதன் சீட்டை நாற்காலியே ஏந்திக்கொள்கிறது. கைப்பிடியைத் திருப்பி வைத்ததும் கம்பியும் இறங்கியது. பைக்கை உடம்போடு இணைக்கும் பட்டையை ஏறுமுன்பே மாட்டிவிடுங்கள். கை நழுவினாலும் கீழே சறுக்குபவர் தலையில் பைக் விழாது.

எதிர்பாராதது இறங்குமிடம்தான். ஏறுவதைவிட அதுதான் கடினம். பைக்கின் முன் ஸ்கியும் காலிலுள்ள குட்டி ஸ்கிகளும் நுனி மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். எழுந்ததும் திரும்பாமல் நேராகச் சறுக்கி விலகுங்கள். நான் சீக்கிரமே திரும்பி விழுந்தேன். பணியாளர் உடனே லிஃப்டை நிறுத்தினார். அடுத்த முறை முன்கூட்டியே கையசைத்தேன், வேகத்தைக் குறைத்துக் கொடுத்தார்.

டி-பார் லிஃப்டில் (தொங்கும் T வடிவக் கம்பி, பனியில் சறுக்கியபடியே நம்மை மேலே இழுத்துச் செல்லும் வகை) இன்னும் ஏறிப் பார்க்கவில்லை.