கேவியட் நோட்டீஸ் வந்தால் நம் மேல் கேஸ் என்று அர்த்தமா?

காட்பாடியிலிருந்து:
பதிவுத் தபால், சித்தப்பாவின் வக்கீலிடமிருந்து. கையெழுத்துப் போட்டு வாங்கியது அம்மா. ‘எதிர்மனுதாரர்’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் அப்பா பெயரைப் பார்த்துவிட்டு அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார், அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. பொதுச் சந்தில் சித்தப்பா ரூம் கட்டுகிறார், நாங்கள் ஸ்டே வாங்கிவிடுவோமோ என்று பயந்து, தன்னைக் கேட்காமல் உத்தரவு போடக்கூடாது என்று கோர்ட்டில் கேவியட் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். மறுநாள் சத்துவாச்சாரி கோர்ட்டில் ஒரு வக்கீல் இரண்டே நிமிடத்தில் இதைச் சொன்னார். ஆனால் முந்தின நாள் சாயங்காலமே அப்பா தெருவில் நின்று தம்பியைப் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசிவிட்டார்.

குடியாத்தத்திலிருந்து:
எங்களுக்கு நேர்மாறு. கேவியட் போட்டாலே எதிராளி வேலையை நிறுத்தியாக வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். வரப்பை இடிக்க ஜேசிபி வந்தபோது அண்ணன் அந்தக் காகிதத்தை டிரைவரிடம் நீட்டினார். அவர் படித்துப் பார்த்து, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை வரப்பின் மேல் ஏற்றினார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காட்பாடித் தம்பி, உங்கள் சித்தப்பா செய்தது சரியில்லை, கூடப் பிறந்தவரிடம் நேரில் கேட்டிருக்கலாம்.

ஆற்காட்டிலிருந்து:
சித்தப்பாவை ஏன் குறை சொல்கிறீர்கள்? நோட்டீஸ் அனுப்பச் சொல்வது சட்டம், அவர் இஷ்டமில்லை. எனக்கும் ஒன்று வந்தது, பயந்தேன், ஒன்றும் நடக்கவில்லை, என் கதை அவ்வளவுதான். விஷயத்துக்கு வருகிறேன். கேவியட் லத்தீன் வார்த்தை, ‘எச்சரிக்கையாக இருக்கட்டும்’ என்று பொருள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 148ஏ பிரிவு, 1976 திருத்தத்தில் வந்தது. என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று கோர்ட்டிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது, அவ்வளவே. அது வழக்கும் இல்லை, தடையும் இல்லை. குடியாத்தத்துக்காரர் தடை உத்தரவு கேட்டுத் தனியாக வழக்குப் போட்டிருக்க வேண்டும். கேவியட், தாக்கல் செய்த நாளிலிருந்து 90 நாள்தான் செல்லும், அதற்குள் யாரும் மனுப் போடவில்லை என்றால் புதிதாகப் போட வேண்டும், அதனால் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நோட்டீஸ் வந்தவர் கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை, கவரோடு பத்திரமாக வைத்தால் போதும். அப்புறம் மனை வாங்குகிறவர்களே, கேவியட் வில்லங்கச் சான்றிதழில் வராது, அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:
தனி வழக்கு என்று அன்றைக்கு எங்களுக்கு யார் சொன்னார்கள் சார்? 90 நாளும் தெரியாது. அது முடிந்த பிறகு அவர்களே வழக்குப் போட்டு, எங்களைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு வாங்கிவிட்டார்கள்.

காட்பாடியிலிருந்து:
ஆற்காடு அண்ணன் எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “வழக்கே இல்லையா” என்று இரண்டு தரம் கேட்டார். போன மாதம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை.